கமலை முதல் கம்ப்யூட்டர் வரை: ஒரு பம்பின் வரலாறு



பி.காம். படிக்கிறவனுக்குப் பம்பில் என்ன வேலை என்று வகுப்புத் தோழர்கள் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கடைசியில் இது நம்ம சப்ஜெக்டில்தான் போய் முடியும்.

கேமிங் கம்ப்யூட்டர் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிப் பெட்டி, உள்ளே கலர் லைட், வளைந்து வளைந்து போகும் டியூபுகளில் நீலமோ சிவப்போ ஒரு திரவம். அது அழகுக்காக ஓடவில்லை. பிராசஸரின் சூட்டை அள்ளிக்கொண்டு போய் ரேடியேட்டரில் கொட்டிவிட்டு மறுபடியும் பிராசஸருக்கே திரும்பி வருகிறது. அதை ஓட வைப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு பம்பு. சுமார் 10 வாட் மின்சாரத்தில் ஓடும்.

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் பம்பு என்றால் 5 ஹெச்.பி. மோட்டார்தான். அதாவது சுமார் 3,700 வாட். இரண்டுக்கும் உள்ளே சுற்றுவது ஒரே மாதிரி இறக்கைச் சக்கரம்தான், இம்பெல்லர் என்பார்கள். ஒரே குடும்பத்தில் பிறந்த அண்ணன் தம்பி. அண்ணன் ஏன் கிணற்றுக்குள் இறங்கினான், தம்பி ஏன் கம்ப்யூட்டருக்குள் போனான் என்பதுதான் இந்தக் கட்டுரை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பம்பின் உருவத்தை இன்ஜினியர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதை வாங்குகிறவர் எந்தத் தொல்லைக்காகக் காசு கொடுக்கிறாரோ, அந்தத் தொல்லைதான் முக்கால்வாசி தீர்மானிக்கிறது.

கமலைக் காலம்

கரிசல் மண் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் இங்கே மானாவாரியாகப் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து எல்லாம் வந்தது. கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சி நிலையம் 1901-லேயே தொடங்கப்பட்டது. ஆனால் மழை ஏமாற்றினால் கிணறுதான் கதி. கிணற்றில் தண்ணீர் மேலே வராது. இறக்கம் அதிகம்.

மோட்டார் வருவதற்கு முன்பு கமலைதான். கொங்கு நாட்டில் அதையே கவலை என்பார்கள். கிணற்று மேட்டில் உருளை, வடம், வால்கயிறு, கூனை. இரண்டு மாடுகள் சரிவில் இறங்கும்போது கூனை தண்ணீரோடு மேலே வரும். மாடுகள் பின்னால் ஏறும்போது கூனை கீழே போகும். விடியற்காலையில் ஆரம்பித்தால் வெயில் ஏறும்வரை இதே வேலை. இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். கமலையின் செலவு என்பது மாடு, மாட்டுத் தீவனம், ஓட்டுகிற ஆள், தோல், கயிறு. தண்ணீர் இறைத்தாலும் இறைக்காவிட்டாலும் மாட்டுக்குத் தீவனம் போட்டே ஆக வேண்டும். நம்ம பாஷையில் ஃபிக்ஸட் காஸ்ட் :-)

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் இந்தக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஆயில் இன்ஜினோடு பம்பை இணைத்துப் பாசனக் கிணறுகளில் ஓட்டிப் பார்த்தார். மாட்டுக்கு ஆகும் செலவையும் இன்ஜினுக்கு ஆகும் செலவையும் ஒப்பிட்டு எழுதினார். 1912-ல் நீர் இறைப்புப் பாசனம் பற்றி ஒரு புத்தகமே போட்டார். பம்புக்குச் செலவுக் கணக்கு போடுவது அப்போதே வந்துவிட்டது. நான் ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை.

கோயம்புத்தூர் எப்படிப் பம்பு ஊரானது?

பம்பு என்ற யோசனை ஐரோப்பாவில் பழையது. டெனிஸ் பாப்பின் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சுழலும் சக்கரத்தால் தண்ணீரைத் தள்ளும் இயந்திரம் செய்தார். 1851 லண்டன் பொருட்காட்சியில் ஆப்போல்டு என்பவர் வளைந்த இறக்கை வைத்த பம்பைக் காட்டினார். அதன் திறன் 68 சதவீதம். அதையே நேர் இறக்கை வைத்துச் சோதித்தபோது கால் பங்குகூடத் தேறவில்லை. இறக்கையை வளைத்ததற்கே அவ்வளவு வித்தியாசம்! இன்றைக்குக் கம்ப்யூட்டர் பம்பிலும் பெரும்பாலும் வளைந்த இறக்கைதான்.

நம் பக்கம் இதற்கு இரண்டு விஷயங்கள் தேவைப்பட்டன. ஒன்று மின்சாரம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் வந்தது, கோவைக்கு வெளிச்சம் போனது. தெற்கே திருநெல்வேலிச் சீமைக்குப் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல்தான் வந்தது. இந்த 12 வருட இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பட்டறை. கோவையில் முதல் நூற்பாலை 1888-ல் தொடங்கியது. பிறகு வரிசையாக மில்கள். மில் இயந்திரம் பழுதானால் இங்கிலாந்துக்கு எழுதிப் போட்டுப் பாகம் வரவழைக்க முடியாது. அதனால் வார்ப்படப் பட்டறைகளும் லேத் பட்டறைகளும் முளைத்தன. இரும்பு வார்க்கத் தெரிந்தவனுக்குப் பம்பின் உடம்பு செய்வது பெரிய விஷயமில்லை. மோட்டார்தான் பாக்கி. 1937-ல் பீளமேட்டில் இருந்த நேஷனல் எலக்ட்ரிக் வொர்க்ஸிலிருந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார் வெளிவந்தது. டி. பாலசுந்தரம் நாயுடு, ஜி.டி. நாயுடு இருவர் பெயரும் அதோடு சேர்த்துச் சொல்லப்படும்.

வார்ப்படம், மோட்டார், மின்சாரம் மூன்றும் ஒரே ஊரில். கூடவே கோவையைச் சுற்றி ஆழமான கிணறு வைத்த விவசாயிகள். அதாவது வாடிக்கையாளரும் அதே ஊர். 1956-ல் டெக்ஸ்மோ, 1961-ல் சி.ஆர்.ஐ. என்று கம்பெனிகள் வந்தன. இன்றைக்கு இந்தியாவில் விற்கும் பம்புகளில் ஏறத்தாழ பாதி கோவையில் செய்தது என்று சொல்வார்கள்.

25 அடிக் கணக்கு

இப்போது கொஞ்சம் டெக்னிக்கல். பயப்பட வேண்டாம், எனக்கே புரிந்துவிட்டது.

பம்பு தண்ணீரை உறிஞ்சுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் பம்பு தன் வாயில் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே இருக்கும் காற்று மண்டலம் தண்ணீரை அழுத்தி மேலே ஏற்றுகிறது. காற்று மண்டலத்தின் பலம் அவ்வளவுதான். கணக்குப்படி சுமார் 10 மீட்டர். நடைமுறையில் 25 அடி தாண்டுவது கஷ்டம்.

எங்கள் பக்கக் கிணற்றில் தண்ணீர் 25 அடியில் நிற்குமா? கோடையில் அதைவிட எவ்வளவோ கீழே. அதனால் பம்பை மேலே வைக்க முடியாது. கிணற்றுக்குள்ளேயே ஒரு திட்டு அமைத்து, மோட்டாரையும் பம்பையும் அங்கே உட்கார வைத்தார்கள். தண்ணீர் இன்னும் கீழே போனால் பம்பும் கீழே போகும். சரி. ஐப்பசி கார்த்திகையில் நல்ல மழை பெய்தால்? ஒரே ராத்திரியில் கிணறு நிரம்பி மோட்டார் முங்கிவிடும். மழை வந்த சந்தோஷம் ஒரு பக்கம், காயில் கட்டும் செலவு ஒரு பக்கம்!

இன்னொரு தொல்லை கசிவு. மோட்டார் வெளியே காய்ந்த இடத்தில் இருக்கும், சக்கரம் தண்ணீருக்குள் இருக்கும். இரண்டையும் இணைக்கும் தண்டு பம்பின் சுவரைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். அந்தத் துளையில் தண்ணீர் கசியும். கிளாண்டு கயிறு சுற்றி இறுக்குவார்கள். ரொம்ப இறுக்கினால் தண்டு தேயும், சூடாகும். தளர்த்தினால் ஒழுகும். சொட்டுச் சொட்டாக ஒழுகினால்தான் கிளாண்டு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த இரண்டு தொல்லைக்கும் ஒரே பதில் நீர்மூழ்கி மோட்டார், அதாவது சப்மெர்சிபிள். தண்ணீர் மோட்டாருக்குள் போகாமல் தடுக்கப் பாடுபடுவதற்குப் பதிலாக, தண்ணீரை மோட்டாருக்குள்ளேயே நிரப்பிவிட்டார்கள்! பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியால் காயில் கட்டியிருப்பதால் தண்ணீர் பட்டாலும் ஷார்ட் ஆகாது. பேரிங்குக்கு எண்ணெயும் தண்ணீர்தான், மோட்டாரைக் குளிர வைப்பதும் தண்ணீர்தான். எரிந்தால் பக்கத்து டவுனிலேயே கம்பி மாற்றிக் கட்டிவிடலாம்.

இந்த யோசனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே யோசனையோடு வேறொரு பம்பைக் கொஞ்ச நேரத்தில் சந்திக்கப் போகிறோம்.

காசுக் கணக்கு

பம்பு வந்ததும் மாட்டுத் தீவனத்தின் இடத்தில் கரண்ட் பில் வந்து உட்கார்ந்தது. 1970-ல் விவசாய மின்கட்டணம் யூனிட்டுக்குச் சில காசு உயர்த்தப்பட்டதற்குக் கொங்குப் பகுதியில் பெரிய போராட்டம். பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். 1972-ல் கோவை நகரத்துக்குள் மாட்டு வண்டிகளைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். கமலை இழுத்த மாடுகள் கரண்டுக்காக வந்து நின்றன என்று யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. அந்தப் போராட்டங்களை நடத்திய சி. நாராயணசாமி நாயுடு கோவைக்காரர். 1984 டிசம்பரில் தேர்தல் நேரத்தில் சுற்றுப்பயணம் வந்தவர் எங்கள் கோவில்பட்டியில்தான் காலமானார். ஊரில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

1984-ல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்தது. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் ஆனது. இது சரியா தப்பா என்று நான் வாதம் பண்ண வரவில்லை. மழையை நம்பி வாழும் ஊரில் பிறந்தவனுக்கு அந்தச் சலுகையின் அருமை தெரியும். ஆனால் பம்பின் வடிவத்துக்கு அது என்ன செய்தது என்று பாருங்கள்.

பம்பு வாங்கப் போகும் விவசாயியின் கேள்விகள் என்ன? எவ்வளவு ஆழத்திலிருந்து இறைக்கும்? லோ வோல்டேஜில் ஓடுமா? எரிந்தால் இங்கேயே கட்ட முடியுமா? விலை என்ன? 'எத்தனை யூனிட் எடுக்கும்' என்ற கேள்வி இந்தப் பட்டியலில் கடைசிக்குப் போய்விட்டது. யூனிட்டுக்குக் காசு இல்லாதபோது அதைக் கேட்டு என்ன ஆகப் போகிறது? கம்பெனிகளும் கேட்ட கேள்விக்குத்தான் பதில் செய்தன: ஆழம், உறுதி, எளிய ரிப்பேர், குறைந்த விலை. அந்த நான்கிலும் கோவைப் பம்பை அசைப்பது கஷ்டம். சத்தம் வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத்தில் மோட்டார் சத்தம் கேட்டால்தான் தண்ணீர் ஓடுகிறது என்று நிம்மதி!

குளிர் நாட்டுத் தொல்லை

இப்போது ஜெர்மனிக்குப் போவோம். அங்கே தொல்லை வேறு. வீட்டின் அடித்தளத்தில் பாய்லர். அதில் சூடான தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் போய், அறையைச் சூடாக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். ஆரம்பத்தில் சூடான தண்ணீர் தானாகவே மேலே ஏறும் குணத்தை நம்பி இருந்தார்கள். மெதுவாகத்தான் ஓடும். டார்ட்மண்டில் இருந்த வில்ஹெல்ம் ஓப்லேண்டர் 1928-ல் குழாய் வளைவுக்குள் ஒரு சின்னச் சுழலியை வைத்து அந்த ஓட்டத்தை வேகப்படுத்தினார். இன்றைய விலோ கம்பெனி அந்தக் குடும்பம் தொடங்கியது.

இந்தப் பம்பு எதையும் மேலே தூக்கவில்லை என்பதுதான் முக்கியம். இது மூடிய சுற்று. ஒரு குழாயில் தண்ணீர் மேலே ஏறும்போது, இன்னொரு குழாயில் அதே அளவு தண்ணீர் கீழே இறங்குகிறது. தராசு மாதிரி இரண்டும் சரிக்குச் சரி. பம்பு செய்ய வேண்டியதெல்லாம் குழாய்ச் சுவரின் உராய்வைச் சமாளிப்பது மட்டும்தான். அதனால் மிகக் குறைந்த சக்தி போதும்.

ஆனால் வீட்டுக்காரர் வேறு இரண்டு கேள்வி கேட்பார். ராத்திரி தூங்கும்போது சத்தம் வருமா? வீட்டுக்குள் ஒழுகுமா? கிளாண்டு சொட்டினால் தோட்டத்தில் பரவாயில்லை, வீட்டுக்குள் முடியாது. பிந்தைய பத்தாண்டுகளில் இதற்கு வந்த பதில்தான் ஈர ரோட்டார் பம்பு. மோட்டாரின் சுற்றும் பாகமான ரோட்டாரை அப்படியே தண்ணீருக்குள் விட்டுவிட்டார்கள். காயில் மட்டும் மெல்லிய சுவருக்கு வெளியே காய்ந்த இடத்தில் இருக்கும். காந்தப்புலத்துக்குச் சுவர் தடையில்லை, அது ஊடுருவிப் போய் ரோட்டாரைச் சுழற்றும். தண்டு சுவரைத் துளைக்கவே இல்லை. துளை இல்லை என்றால் கசிவு ஏது?

நம் சப்மெர்சிபிள் நினைவுக்கு வருகிறதா? நாம் காயிலையும் சேர்த்தே தண்ணீரில் முக்கினோம். அவர்கள் ரோட்டாரை மட்டும் முக்கினார்கள். 'தண்ணீரைத் தடுக்காதே, உள்ளே விடு' என்ற யோசனை இரண்டுக்கும் ஒன்றுதான். ஒன்று 300 அடி ஆழத்துக்குப் போனது, இன்னொன்று படுக்கை அறைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

கம்ப்யூட்டர் சூடான கதை

கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் புதிதல்ல. 1960-களிலேயே ஐ.பி.எம். தன் பெரிய இயந்திரங்களில் தண்ணீரைப் பயன்படுத்தியது. 1980-ல் வந்த ஐ.பி.எம். 3081-ல் சில்லுகளின் சூடு உலோகத் தண்டுகள் வழியாகத் தண்ணீர் ஓடும் தட்டுக்குப் போகும். 1985-ல் வந்த கிரே-2 இன்னும் ஒரு படி மேல். மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் சர்க்யூட் பலகைகளையே முக்கி வைத்தார்கள். அங்கெல்லாம் பம்பு பெரியது, தனி இடத்தில் இருக்கும். சின்னதாக்க வேண்டிய அவசியமே இல்லை.

1990-களில் சீமாஸ் என்ற சிக்கனமான சில்லுத் தொழில்நுட்பம் பெரிய கம்ப்யூட்டர்களையும் பிடித்துக்கொண்டது. சூடு குறைந்தது, தண்ணீர் வெளியே போனது, ஃபேன் போதும் என்றானது. ஆனால் வேகம் கூடக்கூட சூடு திரும்பி வந்தது. 1993-ல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட். 2004-ல் பென்டியம் 4 சுமார் 115 வாட் வரை போனது. பெரிய கம்ப்யூட்டர்களிலும் 2008-ல் ஐ.பி.எம். மறுபடி தண்ணீருக்கே வந்தது.

வீட்டுக் கம்ப்யூட்டரில் முதலில் தண்ணீர் விட்டவர்கள் ஓவர்கிளாக்கிங் பைத்தியங்கள். பிராசஸரை அதன் அளவுக்கு மேல் வேகமாக ஓட்டிப் பார்ப்பவர்கள். அவர்களுக்கென்று பம்பு யாரும் செய்யவில்லை. மீன் தொட்டிப் பம்பை எடுத்து மாட்டினார்கள். ஜெர்மனியின் எஹைம் கம்பெனி மீன் தொட்டிப் பம்புகள் ரொம்பப் பிரபலம். அதுவும் ரோட்டார் தண்ணீருக்குள் சுற்றும் வகைதான். வரவேற்பறையில் இருக்கும் மீன் தொட்டிக்குச் சத்தமும் கசிவும் ஆகாது இல்லையா?

பிறகு லையிங் என்ற ஜெர்மன் குடும்பக் கம்பெனி வந்தது. வெந்நீரைச் சுற்ற விடும் சின்ன வீட்டுப் பம்புகள் செய்தவர்கள். அவர்கள் பம்பில் ரோட்டாருக்குத் தண்டே கிடையாது. கிண்ணம் மாதிரி இருக்கும் ரோட்டார் ஒரே ஒரு பீங்கான் குண்டின் மேல் உட்கார்ந்து சுற்றும். தேய்மானம் குறைவு, சத்தம் குறைவு. டி5, டி.டி.சி. என்ற அவர்களுடைய 12 வோல்ட் பம்புகள் கம்ப்யூட்டர் உலகத்தில் பெயர் வாங்கின. 2009-ல் அந்தக் கம்பெனியை அமெரிக்காவின் ஐ.டி.டி. வாங்கியது. 2011-ல் ஐ.டி.டி. பிரிந்தபோது அது சைலம் என்ற கம்பெனியோடு போனது.

பெரிய கம்பெனிகளும் இறங்கின. 2002-ல் ஹிட்டாச்சி தண்ணீரால் குளிரும் நோட்புக் கொண்டு வந்தது. 2004-ல் ஆப்பிள் தன் பவர் மேக் ஜி5-ல் திரவக் குளிர்ச்சி வைத்தது. சில இயந்திரங்களில் வருடங்கள் கழித்துக் கசிவு வந்து உள்ளே இருந்ததெல்லாம் போனது. டென்மார்க்கில் 2000-ல் தொடங்கிய அசிடெக் என்ற கம்பெனி, பிராசஸர் மேல் உட்காரும் தட்டையும் பம்பையும் ஒரே டப்பாவில் அடக்கியது. தொழிற்சாலையிலேயே திரவம் நிரப்பி மூடி அனுப்பினார்கள். வாங்குகிறவர் குழாய் இணைக்கவோ தண்ணீர் ஊற்றவோ தேவையில்லை. அதன் காப்புரிமைக்காகக் கூலர் மாஸ்டரோடு அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2014-ல் ஜூரி அசிடெக் பக்கம் தீர்ப்பு சொன்னது. சின்னப் பம்பில் உண்மையான சொத்து இரும்பிலும் செம்பிலும் இல்லை, டிசைனில் இருக்கிறது என்று பாலன்ஸ் ஷீட் படிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டுமா?

சின்னதாகச் செய்வது ஏன் கஷ்டம்?

பெரிய பம்பை அப்படியே சுருக்கினால் சின்னப் பம்பு வந்துவிடாதா? வராது.

முதலில், எல்லாம் சுருங்கும், இடைவெளி சுருங்காது. சக்கரத்துக்கும் உறைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டே ஆக வேண்டும். பெரிய பம்பில் அது பொருட்டே இல்லை. குட்டிப் பம்பில் அதே இடைவெளி பெரிய ஓட்டை. தள்ளிய தண்ணீரில் ஒரு பங்கு அந்த வழியாகத் திரும்பி வந்துவிடும். அதனால் சின்னப் பம்பின் திறன் எப்போதும் குறைவு.

இரண்டாவது, பம்பு வீணாக்கும் சக்தி சூடாக மாறி அதே தண்ணீரில் கலக்கும். குளிர வைக்க வந்தவனே சூடு பண்ணினால் எப்படி? நல்லவேளையாக ஓட்டம் அதிகம் தேவையில்லை. கணக்கு இதோ: நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் ஓடினால், 100 வாட் சூட்டை அது வாங்கிக்கொள்ளும்போது அதன் வெப்பம் ஒன்றரை டிகிரிகூட ஏறாது. காற்றைவிட அதே கன அளவு தண்ணீர் 3,000 மடங்குக்கும் மேல் சூட்டைச் சுமக்கும்.

மூன்றாவது, தண்ணீரில் இருக்கும் உலோகங்கள். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நனைந்தால் அது ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். அரித்த துகள் அந்த மெல்லிய இடைவெளியில் மாட்டினால் பம்பு நின்றுவிடும். அதனால் திரவத்தில் அரிப்பைத் தடுக்கும் மருந்து கலக்கிறார்கள்.

நான்காவது, பேரிங்குக்கு எண்ணெய் கிடையாது, ஓடும் தண்ணீர்தான். உள்ளே காற்று புகுந்து காய்ந்து ஓடினால் சீக்கிரமே கெட்டுவிடும். இதை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறார்கள்.

கடைசியாக, ஆயுள். ஒரு நல்ல கம்ப்யூட்டர் பம்புக்கு 50,000 மணி நேரம் சொல்கிறார்கள். ராத்திரி பகலாக ஓடினால் ஐந்தரை வருடத்துக்கு மேல். ரிப்பேர் இல்லை, கம்பி மாற்றிக் கட்டுவது இல்லை. விவசாயிக்குப் பம்பு என்றால் எரிந்தாலும் திரும்பக் கட்டக்கூடிய பொருள். இங்கே எரியவே கூடாத பொருள். இரண்டு விதமான வாடிக்கையாளர், இரண்டு விதமான நேர்மை.

பரம் பொருள்

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே 25 அன்று ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் திறந்தார்கள். பெயர் பரம் பொருள். வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். 1988-ல் தொடங்கிய சி-டாக் 1991-ல் முதல் பரம் கம்ப்யூட்டரைத் தந்தது, அந்த வம்சத்தில் வந்தது இது. இதில் நேரடித் தொடர்புத் திரவக் குளிர்ச்சி வைத்திருக்கிறார்கள். அதாவது சில்லின் மேல் வைத்த தட்டுக்குள்ளேயே திரவம் ஓடுகிறது. ஏ.சி. போட்டு முழு அறையையும் குளிர வைப்பதைவிட இதில் மின்சாரச் செலவு குறைவு. திருச்சி வெயிலுக்கு இது ஆடம்பரம் இல்லை, சிக்கனம்.

இது கூடிக்கொண்டுதான் போகும். 2022-ல் வந்த என்விடியாவின் ஹெச்100 என்ற ஒரே சில்லு 700 வாட் வரை எடுக்கும். அது ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியின் சூடு. 2024-ல் அறிவித்த அதே கம்பெனியின் ஒரு முழு அலமாரி சுமார் 120 கிலோவாட். திரவக் குளிர்ச்சி இல்லாமல் அதை விற்பதே இல்லை.

இங்கே கரிசல்காட்டுக்காரனுக்கு ஒரு கேள்வி வரும், வர வேண்டும். தண்ணீர் எங்கேயிருந்து? கோவில்பட்டிக்குக் குடிதண்ணீரே தாமிரபரணியிலிருந்து பம்பு பண்ணித்தான் வருகிறது. கம்ப்யூட்டருக்கும் தண்ணீர் கொடுக்க முடியுமா?

இதில் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சில்லின் மேல் ஓடும் சுற்று மூடியது. ஒரு தடவை நிரப்பினால் போதும், அது தண்ணீரைக் குடிப்பதில்லை. ஆனால் அந்தச் சூட்டைக் கடைசியில் வெளியே விட வேண்டும் இல்லையா? அதற்குக் கூலிங் டவர் வைத்தால் தண்ணீர் ஆவியாகப் போகும். ஒரு யூனிட் மின்சாரத்தின் சூட்டை ஆவியாக்கி அனுப்ப சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். டவர் வேண்டாம், பெரிய ரேடியேட்டரும் ஃபேனும் போதும் என்றால் தண்ணீர் மிச்சம். ஆனால் வெளியே 40 டிகிரி வெயில் அடிக்கும்போது உள்ளே ஓடும் தண்ணீர் அதைவிடச் சூடாக இருந்தால்தான் சூடு வெளியே போகும். அப்படியென்றால் வெந்நீரில் வருடக்கணக்காகத் தேயாமல் ஓடும் பம்பு வேண்டும். குளிர் நாட்டுக்காரன் வீட்டைச் சூடாக்கச் செய்த வெந்நீர்ப் பம்பு, வெயில் நாட்டுக்காரன் கம்ப்யூட்டரைக் குளிர வைக்க உதவும். வரலாறு இப்படியெல்லாம் விளையாடும்!

அப்படியானால் நமக்கு?

கோவையில் வார்ப்படம் இருக்கிறது, மோட்டார் அறிவு இருக்கிறது, தண்ணீரை மோட்டாருக்குள் விடும் தைரியம் பல வருடமாக இருக்கிறது. குட்டிப் பம்பு அங்கே முதலில் பிறக்காததற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. அதைக் கேட்கும் வாடிக்கையாளர் பக்கத்தில் இல்லை. பைக்காரா வந்த ஊரில் கிணற்று விவசாயி பக்கத்திலேயே இருந்தார், அதனால் கிணற்றுப் பம்பு பிறந்தது. ஜெர்மனியில் பாய்லர் வைத்த வீட்டுக்காரர் இருந்தார், அதனால் சத்தமில்லாத பம்பு பிறந்தது.

இப்போது வாடிக்கையாளர் வந்துவிட்டார். சென்னையில் டேட்டா சென்டர்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. எங்கள் தூத்துக்குடி மாவட்டத்திலேயே 2025 ஆகஸ்ட் 4-ல் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை திறக்கப்பட்டது. மின்சாரக் காரின் பேட்டரியைக் குளிர வைக்கவும் இதே மாதிரி மூடிய சுற்று, இதே மாதிரி கசியாத சின்ன மின்பம்பு பயன்படுகிறது. அப்போது 12 வருடம் பிந்தி மின்சாரம் வாங்கிய தெற்குச் சீமைக்கு, இந்தத் தடவை வாடிக்கையாளர் வாசலிலேயே இருக்கிறார். ஆனால் இவர் கேட்கும் கேள்விகள் வேறு. ஆழம் கேட்கமாட்டார். சத்தம், கசிவு, ஆயுள், யூனிட் கணக்கு கேட்பார். அந்த நான்குக்கும் பதில் சொல்லப் பழகினால் பம்பும் இங்கே பிறக்கும். பழகாவிட்டால் பெட்டியில் வரும் பம்பைப் பொருத்தும் வேலைதான் நமக்கு மிஞ்சும்.

இன்ஜினியரிங் படிக்கும் நண்பர்கள் அந்தக் குட்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விலை போடுவதை பி.காம். காரர்கள் பார்த்துக்கொள்கிறோம் :-)